கம்யூனிட்டி காலேஜில் முதல் செமஸ்டர்: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஹைஸ்கூல் முடித்த என் மகன் ஆகஸ்டில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறான். இரண்டு வருடம் கழித்து யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற வேண்டும் என்பது திட்டம். ஆன்லைன் ஓரியன்டேஷனை மடமடவென்று தட்டி முடித்துவிட்டான். கவுன்சிலிங், டியூட்டரிங், ஈஓபிஎஸ் என்று ஏகப்பட்ட பெயர்கள் வந்தன, எதுவும் மனதில் நிற்கவில்லை. எதை முதலில் கவனிக்க வேண்டும்? நானே காலேஜுக்குப் போன் செய்து கேட்கலாமா?

பதில்: வகுப்பு தொடங்கும் முன் கவுன்சிலரைப் பார்த்து, எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று முழுப் படிப்புக்கும் ஒரு எஜுகேஷன் பிளான் போட்டுவிடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஓரியன்டேஷனும் இந்தப் பிளானும் முடிந்தால்தான் பாடங்களைப் பதிவு செய்வதில் முன்னுரிமையும் கிடைக்கும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இரண்டு வருடம் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வருடம் இல்லை. யூசிக்கான விண்ணப்பம் இரண்டாம் வருட அக்டோபர், நவம்பரிலேயே போய்விடும். டாக் எனப்படும் இட உறுதித் திட்டத்துக்கு அதற்கும் முன்னால், செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண்கள்தான். மிச்சமெல்லாம் ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’, ‘படிக்கப் போகிறேன்’ என்று எழுதும் பாடங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸில் இது இன்னும் இறுக்கம். கால்குலஸில் முதல் பாடம், இரண்டாம் பாடம், பிறகு மல்டிவேரியபிள், லீனியர் அல்ஜீப்ரா என்று கணக்கு சங்கிலியாகப் போகும். முந்தையதை முடிக்காமல் அடுத்ததில் உட்கார முடியாது. முதல் செமஸ்டர் கொஞ்சம் லேசாக இருக்கட்டுமே என்று கணக்கைத் தள்ளிப்போட்டால் மூன்றாம் வருடத்தில் போய் நிற்கும். படிப்பு வராமல் மூன்றாம் வருடம் இழுத்தவர்களைவிட, வரிசை தெரியாமல் இழுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எந்தக் கணக்கில் தொடங்குவது என்பதற்கு 2019 முதல் ஹைஸ்கூல் மதிப்பெண்களையே முக்கியமாகப் பார்க்கிறார்கள். டிரான்ஸ்கிரிப்டைக் கவுன்சிலரிடம் கட்டாயம் எடுத்துப் போகட்டும்.

போகும் முன் ஒரு மாலை அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் உட்காரச் சொல்லுங்கள். மகனின் காலேஜ், போக நினைக்கும் யூசி, மேஜர் மூன்றையும் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் யூசியின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக இந்தக் காலேஜில் எடுக்க வேண்டிய பாடம். சில வரிகளில் வலப்பக்கம் ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்று இருக்கும். அதற்கு ஈடான பாடம் இங்கே இல்லை, இன்னொரு கம்யூனிட்டி காலேஜில் எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஒவ்வொரு யூசிக்கும் பட்டியல் மாறும். நான்கைந்து வளாகங்களின் பட்டியல்களை அச்செடுத்துப் போனால், கவுன்சிலரிடம் கிடைக்கும் அரை மணி நேரம் உருப்படியாகப் போகும்.

டாக் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய 6 வளாகங்களில்தான் அது உண்டு. அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே போடலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவில் கிடையாது. எல்லா மேஜருக்கும் பொருந்தாது என்பதால், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எங்கே உண்டு என்று அந்தந்த வருடமே பார்க்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். செமஸ்டர் முறைக் காலேஜில் மாநிலவாசிகளுக்கு, பாடத்தின் அளவைச் சொல்லும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். யூசிக்கு மாறத் தேவையான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர்தான் ஆகிறது. ‘எங்கள் வருமானத்துக்கு எதுவும் கிடைக்காது’ என்று அரசு நிதி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். முதல்முறை சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்குப் பல காலேஜ்கள் பிராமிஸ் திட்டத்தில் வருமானம் பார்க்காமலே கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. ஆனால் ஃபாஃப்ஸா போட்டிருக்க வேண்டும்.

12 யூனிட் என்றால் முழுநேரம். ஒரு யூனிட்டுக்கு வகுப்பும் வீட்டுப் படிப்புமாக வாரம் 3 மணி நேரம் என்பது கணக்கு. அப்படியானால் 36 மணி நேரம். பகுதிநேர வேலை பார்க்கப் போகிறார் என்றால் இதை வைத்து யோசியுங்கள்.

இனி சேவைகள். டியூட்டரிங் இலவசம். பெரும்பாலான பிள்ளைகள் மிட்டெர்மில் அடிவாங்கிய பிறகுதான் அங்கே போகிறார்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே போய் உட்கார வேண்டும். புத்தகம் வாங்கும் முன் நூலகத்தின் ரிசர்வ் பகுதியில் இருக்கிறதா என்று கேட்கட்டும். பாடப் பட்டியலில் புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்குத் தனிக் குறி இருக்கும். ஈஓபிஎஸ் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது, தகுதி இருந்தால் தவறவிடாதீர்கள். ஹைஸ்கூலில் கற்றல் சிரமமோ உடற்குறையோ உள்ள பிள்ளைகளுக்குத் தரும் ஐஇபி அல்லது 504 பிளான் இருந்திருந்தால் அது தானாகக் கூட வராது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உதவும் டிஎஸ்பிஎஸ் அலுவலகத்தில் அவரே புதிதாகப் பதிய வேண்டும்.

ஒரு வகுப்பு சரிப்படவில்லை என்றால் போகாமல் மட்டும் இருந்துவிடக் கூடாது. முதல் இரண்டு வாரத்துக்குள் டிராப் செய்தால் பெரும்பாலும் பணம் திரும்ப வரும், ரெக்கார்டிலும் ஏறாது. அப்புறம் செய்தால், விலகினார் என்று காட்டும் டபிள்யூ விழும், ஜிபிஏ குறையாது. எதுவும் செய்யாமல் நின்றுவிட்டால் எஃப் விழும். ஒவ்வொரு வகுப்புக்கும் கடைசித் தேதி வேறுபடும், போர்ட்டலில் பார்த்துக் குறித்து வைக்கட்டும்.

நீங்கள் போன் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுவான விஷயங்களைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் மாணவர் விவரங்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி, காலேஜில் சேர்ந்ததும் மதிப்பெண், பதிவு விவரம் எல்லாம் மாணவரின் உரிமை. கட்டணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும், அவர் எழுத்தில் சம்மதம் தராமல் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். இதில் மனம் கஷ்டப்பட வேண்டாம். எழுதித் தா என்று மகனை நெருக்கவும் வேண்டாம். எஜுகேஷன் பிளானை வீட்டில் உங்களுக்கு விளக்கிக் காட்டச் சொன்னாலே போதும், அவருக்கு எது புரியவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கவுன்சிலர் அப்பாயின்ட்மென்ட்டை மட்டும் இந்த வாரமே அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஆகஸ்ட் நெருங்கினால் நேரம் கிடைக்காது, வரிசையில் நிற்க வேண்டிய டிராப்-இன் மட்டும்தான் மிஞ்சும்.