ஆள் ஓடிவர முடியாத இடம்

அன்புள்ள ஐயா,

உங்கள் ரோபோ கட்டுரைகளை நானும் மகளும் சேர்ந்தே படிக்கிறோம். படிவம் ஐந்தில் இருக்கிறாள். ரோபோ படித்து விண்வெளிக்கு வண்டி செய்யப் போகிறாளாம். "இங்கே யார் ராக்கெட் விடுகிறார்கள்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு வேலை கிடைத்தால் போதும்" என்கிறார் அவள் அப்பா. நீங்கள் எதற்காக அந்தப் பக்கம் போனீர்கள்?

ம., பட்டர்வொர்த்

அன்புள்ள ம.,

நான் போனதே பாயான் லெப்பாஸிலிருந்துதான். மின்பலகையில் சில்லு பொருத்தும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பலகை கொஞ்சம் விலகி வந்தாலும் அலாரம் அடித்து நின்றுவிடும், ஓர் ஆள் ஓட வேண்டும். பெரும்பாலும் நான்தான். ஆள் ஓடிவர முடியாத இடத்தில் இது என்ன செய்யும் என்ற கேள்வி அங்கேதான் பிடித்துக்கொண்டது. நட்சத்திரக் கனவெல்லாம் இல்லை. இன்றுவரை என்னிடம் ஒரு தொலைநோக்கிகூடக் கிடையாது.

செவ்வாய்க்கு ஒரு கட்டளை போய்ச்சேர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம்வரை ஆகும். பள்ளத்தை நெருங்கும் வண்டியை இங்கிருந்து 'நில்' என்று தடுக்க முடியாது. கல் எது, நிழல் எது என்று அதுவேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ஸ்பிரிட் வண்டி. 2004இல் இறங்கியபோது அதற்குக் குறித்த ஆயுள் 90 செவ்வாய் நாள். 2006இல் முன்பக்க வலச் சக்கரம் நின்றுபோனது. நாசா பொறியாளர்கள் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டினார்கள், செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே. 2007இல் அந்தச் சக்கரம் கீறிய தடத்தில் வெள்ளை மண் தெரிந்தது: ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா. வெந்நீரோ நீராவியோ ஒரு காலத்தில் அங்கே இருந்ததற்கான தடயம். நன்றாகச் சுழலும் சக்கரம் அதன் மேல் ஏறிப் போயிருக்கும், அவ்வளவுதான். 2009இல் மணலில் புதைந்தது, 2010இல் பேச்சு நின்றது. இதைப் படித்த பிறகு எனக்கு வேறு துறை தோன்றவே இல்லை.

அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. 2009இல் நம் மலேசியச் செயற்கைக்கோள் ராசாக்சாட்டே பசிபிக்கில் உள்ள குவாஜலினிலிருந்து அடுத்தவர் ராக்கெட்டில்தான் கிளம்பியது. ஆனால் வண்டி செய்கிறவர் ராக்கெட் செய்ய வேண்டியதில்லையே. யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் விண்வெளிப் பொறியியல் துறை நிபோங் திபாலில் இருக்கிறது. நீங்கள் பினாங்குத் தீவுக்குப் போகும் பாலம்கூடத் தாண்ட வேண்டாம். அது அமையாமல் தொழிற்சாலைக்கே போனாலும் நட்டமில்லை. மோட்டார் எப்போது சூடாகும், சென்சார் எப்போது பொய் சொல்லும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அந்த வேலைதான்.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். செவ்வாயில் ஜிபிஎஸ் கிடையாது. தான் நிற்கும் இடத்தை வண்டி, சக்கரச் சுற்றையும் எடுத்த படங்களையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது.