வாசகர் கேள்வி – பதில்: பொச்சுக்குள் புதைந்த வாண்டா

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடிப் பல்கனியில் வாண்டா ஓர்க்கிட் தொங்கவிட்டிருக்கிறேன். வாங்கியபோது பூத்தது, இரண்டு வருடமாகப் பூ இல்லை. வேர் காய்கிறதே என்று கூடை நிறையத் தேங்காய்ப் பொச்சு அடைத்தேன். இப்போது அடியிலை நாலைந்து ஒரேயடியாக மஞ்சளாகின்றன. பசளை போதவில்லையா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: பசளைக் குறை இல்லை, வேர் அழுகியிருக்கிறது. அடியிலை எப்போதாவது ஒன்றிரண்டு பழுப்பது இயல்பு. நாலைந்து ஒன்றாகப் பழுத்தால் வேரைப் பாருங்கள். வாண்டாவின் வேர் மண்ணுக்கானதல்ல. அதன் மேலுறை பஞ்சு போல நீரை உறிஞ்சி, பிறகு காற்றில் உலர வேண்டும். ஈரப் பொச்சுக்குள் அது மூச்சுத் திணறிப் போகும்.

பொச்சு முழுவதையும் எடுங்கள். ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்தது. நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் மட்டும் கறுவாத்தூள் தொடுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் காய வைத்துவிடும். தண்டு ஆடாமல் வெறும் கூடையில் கட்டுங்கள். ஆடினால் புதிய வேர் நுனி உரசிக் கருகும்.

தண்ணீர் காலையில். வெள்ளி நிற வேர் பச்சையாகும்வரை நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் நனையுங்கள். மதியத்துக்குள் வேர் உலர்ந்துவிட வேண்டும். கடல்காற்றில் உப்புப் படியும், இலையையும் கழுவிவிடுங்கள். மே மாத மழை தொடங்கினால் கூரைக்குக் கீழ் நகர்த்துங்கள். குருத்தில் நீர் தேங்கினால் அழுகும். குருத்து அழுகினால் செடி மேல்நோக்கி வளராது, பக்கக் கன்று வந்தால்தான் உண்டு.

புது வேர் விட்ட பிறகே பசளை: 20-20-20 தூள் (நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ளது), லீற்றருக்கு 1 கிராம், கிழமைக்கு ஒரு தடவை, நனைந்த வேரில்.

பூ வராததற்குப் பெரும்பாலும் வெளிச்சக் குறைவே காரணம். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதாது, இளம்பச்சை சரி, செம்புள்ளி விழுந்தால் வெயில் அதிகம். நாடா போலத் தட்டையான இலையுள்ள வாண்டாவுக்குக் காலை வெயில் நாலு மணிநேரமாவது வேண்டும். இப்போதைக்குப் பூவை எதிர்பார்க்காதீர்கள், வேர் தேறட்டும்.

கேள்வி: எங்கள் மாமரத்தில் வாண்டா ஒட்டியிருக்கிறது. மரத்தை உறிஞ்சுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: உறிஞ்சாது. புல்லுருவி பட்டையைத் துளைத்து உள்ளே இறங்கும். வாண்டா பட்டையின் மேல் ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். ஒரு வேர் நுனியை மெல்ல நெம்பிப் பாருங்கள், அடியில் துளை இராது. வெட்ட வேண்டாம்.