எதிரி என்ற அந்தஸ்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் பல வருடங்களாக வட கரோலைனாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறோம். என் மகள் டியூக் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு படிக்கிறாள். ஜனவரி பிறந்ததிலிருந்து பாதி இரவுகள் அவள் விடுதி அறையில் இல்லை. கூடைப்பந்து அரங்கத்துக்கு வெளியே புல்தரையில் கூடாரம் அடித்து, உறைய வைக்கும் குளிரில் தூங்குகிறாள். எல்லாம் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலைனா பல்கலைக்கழக அணியோடு நடக்கும் ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்க்க! பக்கத்து வீட்டுப் பையன் அந்த சேப்பல் ஹில்லில்தான் படிக்கிறான். இருவரும் சின்ன வயதில் ஒன்றாகத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர்கள். இந்தப் பொங்கலுக்கு அவன் சேப்பல் ஹில்லின் வெளிர்நீலச் சட்டை போட்டு வந்தான் என்று இவள் அவனுக்குப் பரிமாற மறுத்துவிட்டாள். விளையாட்டுக்குத்தான், ஆனாலும் எனக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நடுவே பத்து மைல்தான். இந்தப் பகை எப்படித் தொடங்கியது? ஊரில் நாம் பார்த்த சாதிச் சண்டைக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்து, இந்த வெறியையா கற்றுக்கொள்ள வேண்டும்? மகளிடம் நான் என்ன சொல்வது?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

முதலில் செலவுக் கணக்கை எடுத்து வைத்துவிடுங்கள். இருபது வயதில் நண்பர்களோடு குளிரில் படுத்துக் கிடப்பதை வீண் என்று சொல்லும் பெற்றோருக்கு என்னிடம் பதில் கிடையாது. அந்தக் கூடாரத்தில் பன்னிரண்டு பேர் முறைவைத்துத் தங்குகிறார்கள். நடுராத்திரியில் திடீரென்று ஆள் எண்ணிக்கை எடுப்பார்கள், வேண்டிய அளவு ஆள் இல்லையென்றால் வரிசையில் இடம் போய்விடும். முறை தவறாமல் வருவது, கூட இருப்பவரை நம்புவது, தூங்குபவனை உதைத்து எழுப்புவது இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? 1986இல் சில மாணவர்கள் தொடங்கியது இன்றுவரை நடக்கிறது. அந்த இடத்துக்கு டியூக்கின் அன்றைய பயிற்சியாளர் ஷஷெஃப்ஸ்கியின் பெயரில் 'ஷஷெஃப்ஸ்கிவில்' என்றே பெயர். கம்பளிச் சட்டை நல்லதாக வாங்கிக் கொடுங்கள், போதும்.

பகை எப்படித் தொடங்கியது என்றால், பணத்தில் தொடங்கியது என்று சொல்லலாம். சேப்பல் ஹில் 1795லேயே மாணவர்களைச் சேர்த்த அரசுப் பல்கலைக்கழகம், மாநிலத்தின் சொத்து. எதிரே டர்ஹமில் இருந்தது டிரினிட்டி என்ற கல்லூரி. 1924இல் புகையிலையிலும் மின்சாரத்திலும் சம்பாதித்த ஜேம்ஸ் டியூக் நான்கு கோடி டாலரில் ஓர் அறக்கட்டளை வைத்தார், டிரினிட்டி டியூக் ஆனது. ஒரு பக்கம் உள்ளூர்ப் பிள்ளைகள், மறுபக்கம் வெளிமாநிலத்துப் பணக்காரப் பிள்ளைகள் என்று பேச்சு உருவானது. ஆனால் அவர்கள் முதல் ஆட்டத்தை ஆடியது 1920 ஜனவரியில், டியூக் என்ற பெயர் வருவதற்கு முன்பே. 36-25 என்று சேப்பல் ஹில் ஜெயித்தது. பகை சூடு பிடித்தது இன்னும் பல வருடங்கள் கழித்து, 1961 பிப்ரவரியில். சேப்பல் ஹில்லுக்கு வருவதாக ஒப்புக்கொண்டு பிறகு டியூக்குக்கு மாறிய ஆர்ட் ஹேமனும், சேப்பல் ஹில்லின் லாரி பிரவுனும் ஆட்டத்தின் நடுவே கைகலந்தார்கள். இருவருமே நியூயார்க் பக்கத்துப் பையன்கள். அரங்கமே இறங்கி அடித்துக்கொண்டது.

சரி, அப்புறம் வந்ததெல்லாம் உங்கள் மகளுக்கே மனப்பாடமாகத் தெரியும். 1974இல் கடைசிப் பதினேழு விநாடியில் எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்த சேப்பல் ஹில் சமன் செய்து கூடுதல் நேரத்தில் ஜெயித்ததை மட்டும் அவளாகச் சொல்ல மாட்டாள், நீங்களே கேளுங்கள். தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதியே அப்போது கிடையாது. 1979இல் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் சேப்பல் ஹில் அணி பந்தை எறியாமல் கைமாற்றிக் கைமாற்றியே நேரத்தைக் கடத்தியது. முதல் பாதி முடிந்தபோது 7-0, டியூக் முன்னிலை. இரண்டாம் பாதியில் இரு அணியும் சரியாக நாற்பது நாற்பது. அதாவது ஒன்றுமே செய்யாமல் இருந்த நேரத்தில் ஆட்டம் தீர்மானமாகிவிட்டது. எனக்குப் பிடித்த ஆட்டம் அதுதான், ஆனால் அதைப் பற்றி இன்னொரு நாள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. சாதிச் சண்டைக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்கள். இதை நீங்கள் யோசித்துத்தான் எழுதினீர்களா? படித்தவர்கள் சட்டென்று இப்படி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எல்லா வெறியும் ஒன்று, எல்லாப் பெருமையும் ஒன்று என்று சொல்லிவிட்டால் எதையும் தனியாகப் பார்க்க வேண்டிய வேலை மிச்சம். நீங்கள் அதைச் செய்யக்கூடாது, ஏனென்றால் அந்த வித்தியாசம் உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் உங்கள் பகுதி வாசகர்கள் அழைத்து வந்திருந்தேன். என்னைத் தங்கவைத்த நண்பர் அன்போடு இரண்டு வளாகங்களையும் சுற்றிக் காட்டினார். டியூக்கின் கேமரன் அரங்கம், 1940இல் திறந்தது, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும், பழைய கல்கட்டடம். சேப்பல் ஹில்லின் டீன் ஸ்மித் அரங்கம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். "அவ்வளவுதான் சார், பார்த்தாச்சு" என்றார். "டர்ஹமில் இன்னொரு பல்கலைக்கழகம் இருக்கிறதே?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தன் இரண்டு பிள்ளைகளையும் அந்த ஊர்களிலேயே படிக்க வைத்தவர். போனில் தேடி, "ஆமாம், இருக்கிறது" என்றார், ஏதோ நான் புதிதாகக் கட்டிவிட்டதைப்போல.

இன்று அதன் பெயர் வட கரோலைனா மத்தியப் பல்கலைக்கழகம். 1910இல் ஜேம்ஸ் ஷெப்பர்ட் தொடங்கியது. 1944இல் அதன் பெயர் 'நீக்ரோக்களுக்கான வட கரோலைனா கல்லூரி'. அங்கே ஜான் மெக்லெண்டன் என்ற இளைஞர் கூடைப்பந்துப் பயிற்சியாளர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார் அல்லவா, அவரிடம் நேராகப் படித்தவர் இவர். ஆனால் கறுப்பர் என்பதால் கன்சாஸ் அணியில் ஆட இடம் கிடையாது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே பாடம் சொல்லித்தரலாம், அதை அங்கே ஆட மட்டும் கூடாது! டர்ஹமுக்கு வந்து மெக்லெண்டன் ஓர் அணியை உருவாக்கினார். வேகமாக ஓடி, முழு மைதானத்திலும் எதிரணியை நெருக்கி ஆடும் அணி. அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தார்கள். வெள்ளையர் கல்லூரிகளின் போட்டிகளுக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை.

அதே ஊரில், டியூக் மருத்துவக் கல்லூரியில் ராணுவப் பயிற்சித் திட்டத்தில் வந்த மாணவர்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். பல ஊர்க் கல்லூரி அணிகளில் ஆடி வந்தவர்கள், டர்ஹமில் தங்களை விடப் பெரிய அணி இல்லை என்று நினைத்தவர்கள். எப்படியோ பேச்சு வந்து சவால் ஆனது. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் முழுக்க தேவாலயத்தில் இருக்கும் நேரம். கடன் வாங்கிய கார்களில் சுற்றுவழியாக வந்து, மேலங்கியைத் தலையில் போர்த்திக்கொண்டு வெள்ளை மாணவர்கள் அந்தக் கறுப்பர் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கதவு பூட்டப்பட்டது. நடுவர் உண்டு, கடிகாரம் உண்டு, பார்வையாளர்கள் கிடையாது. 88-44. மெக்லெண்டனின் பையன்கள் சரியாக இரண்டு மடங்கு எடுத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியையும் கலந்து மறுபடி ஆடினார்கள், ஒரு பக்கம் சட்டையோடு, ஒரு பக்கம் வெற்றுடம்போடு. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடுவது அன்று அங்கே சட்டத்துக்கு எதிரான காரியம். அதே வருடம் ஜூலையில் அதே டர்ஹமில், பேருந்தில் பின்னிருக்கைக்குப் போகத் தாமதித்தார் என்று புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பு ராணுவ வீரரை வெள்ளை ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். அந்த ஓட்டுநரை ஜூரி விடுவித்தது. அப்படிப்பட்ட ஊரில் ஆடிய ஆட்டம். பேச்சு வெளியே போகவில்லை, ஆட்டத்தின் முடிவு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல்!

இப்போது சொல்லுங்கள் ஆர்., இந்த இரண்டும் ஒன்றா? டியூக்கும் சேப்பல் ஹில்லும் ஒருவரை ஒருவர் நூறு வருடமாகத் திட்டிக்கொள்கிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள், மூக்கை உடைத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் தேதி குறித்து, வாசல் திறந்து வைத்து, எதிரி வரக் காத்திருக்கிறார்கள். நீ வந்தால்தான் எனக்கு ஆட்டம் என்கிறார்கள். எதிரியாக இருப்பது ஓர் அந்தஸ்து. நம் ஊரில் சாதி செய்வது அதற்கு நேர் எதிர். உன்னோடு எனக்கு ஆட்டமே கிடையாது, நீ இந்தத் தெருவுக்குள் வராதே என்கிறது. ஜெயிக்கக்கூடியவனைத் தோற்கடிக்க அது முயல்வதே இல்லை, மைதானத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. 1920இல் தொடங்கிய அந்தப் புகழ்பெற்ற போட்டி, கறுப்பு வீரர்களான கிளேபோர்ன் 1965இல் டியூக்கிலும் சார்லி ஸ்காட் 1966இல் சேப்பல் ஹில்லிலும் சேரும் வரை, பூட்டிய அறைக்குள் இரண்டு வெள்ளை அணிகள் ஆடிக்கொண்ட ஆட்டம். ஊரின் நல்ல அணியோடு பகிரங்கமாக ஆடிப் பார்க்காமலே ஊரில் யார் பெரியவர் என்று சண்டை போட்டார்கள். பகையை விட இந்தப் புறக்கணிப்பு எவ்வளவு கொடூரம் என்று எழுத்தாளனுக்குக் கொஞ்சம் தெரியும். என் ஆரம்பக் கதைகளைக் கிழித்துத் தொங்கவிட்டவர்களோடு இன்றும் தேநீர் குடிக்கிறேன். ஒரு வரியும் எழுதாமல் கடந்து போனவர்களின் முகம்தான் மறக்கவில்லை. அதுகூட மிகச் சிறிய வலி, இதோடு சேர்த்துப் பேச அருகதை இல்லாதது.

சார்லி ஸ்காட்டைக் கொண்டுவந்தவர் டீன் ஸ்மித். அவரும் கன்சாஸ்காரர், நெய்ஸ்மித்தின் மாணவரான ஃபாக் ஆலனிடம் ஆடியவர். அவர் பேரைச் சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 'நான்கு மூலை' உத்தி, முன்னிலை கிடைத்ததும் ஆட்களை மூலைகளில் நிறுத்திப் பந்தைக் காப்பது. அதன் பழைய வடிவத்தை மெக்லெண்டனின் அணிகள் முன்பே ஆடின. ஆக, சேப்பல் ஹில்லின் பெருமைக்குள்ளும் அந்த மூன்றாவது கல்லூரி உட்கார்ந்திருக்கிறது, அழைப்பில்லாமல்.

டீன் ஸ்மித் 2015 பிப்ரவரியில் இறந்தார். தன்னிடம் ஆடிய ஏறத்தாழ நூற்றெண்பது பேருக்கும் ஆளுக்கு இருநூறு டாலர் அனுப்பும்படி ஏற்பாடு செய்திருந்தார், ஒரு நாள் வெளியே நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று. அடுத்த சில நாட்களில் கேமரனில் ஆட்டம். தொடங்கும் முன் இரண்டு அணிகளும் நடுமைதானத்தில் தோள்மேல் கைபோட்டு மண்டியிட்டார்கள். பிறகு எழுந்து கூடுதல் நேரம் வரை அடித்துக்கொண்டு ஆடினார்கள். டியூக் 92-90. ஏழு வருடம் கழித்து 2022இல் ஷஷெஃப்ஸ்கி ஓய்வுபெற்றபோது, அவருடைய கடைசி உள்ளூர் ஆட்டத்திலும் அவரைத் தோற்கடித்து, அடுத்த மாதம் நியூ ஆர்லியன்ஸில் தேசிய அரையிறுதியிலும் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியது சேப்பல் ஹில்தான். தேசியச் சாம்பியன் பட்டத் தொடரில் அவர்கள் சந்தித்தது அதுவே முதல்முறை. மரியாதைக்காக விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள், அதுதான் மரியாதை.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பொங்கல் பரிமாறாதது தப்பு, அதைச் சொல்லிவிடுங்கள். மற்றபடி ஒரு வேலை தருகிறேன். அந்த மூன்றாவது பல்கலைக்கழகத்தின் அரங்கத்துக்கு இன்று மெக்லெண்டனின் பெயரும் உண்டு. அவர்களுக்கும் ஒரு பரம எதிரி இருக்கிறது, கிரீன்ஸ்பரோவின் ஏ அண்ட் டி பல்கலைக்கழகம், 1960இல் வெள்ளையர் மட்டும் உட்காரலாம் என்றிருந்த உணவகத்தில் உட்கார்ந்து போராடிய அந்த நான்கு கறுப்பு மாணவர்களின் பல்கலைக்கழகம். அந்த இரண்டு அணியும் டர்ஹமில் மோதும் நாள் வந்தால் உங்கள் மகளையும் அந்தப் பையனையும் ஒரே காரில் ஏற்றிக் கூட்டிப் போங்கள். இருவருக்கும் யார் பக்கம் கத்துவதென்று தெரியாது, கொஞ்ச நேரம் திருதிருவென விழிப்பார்கள். அங்கே கூடாரம் அடிக்கத் தேவையில்லை. என்னை அழைத்துப் போன நண்பருக்கும் ஒரு டிக்கெட் வாங்கிவிடுங்கள், அவர் உங்கள் ஊர்ப் பக்கம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்