பிரஷர், இதயம், உடற்பயிற்சி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எக்கோ ஸ்கேனில் இதயச் சுவர் தடித்திருப்பதாக வந்திருக்கிறது. பயிற்சி செய்தால் இன்னும் தடிக்காதா?

பதில்: பயப்படுவது நியாயம்தான், ஆனால் நடப்பது நேர்மாறு. கூடிப்போன அழுத்தத்தை எதிர்த்து இரவு பகலாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளித்தான் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. நடையோ சைக்கிளோ பழகிவிட்டால் ரத்தக்குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரந்து குழாய் தளர்கிறது, பரபரப்பு நரம்புகளின் வேகமும் அடங்குகிறது, இதயம் முட்டித் தள்ள வேண்டிய எதிர்ப்பு குறைகிறது. 1995இல் வந்த ஓர் ஆய்வில் கடுமையான பிரஷர் உள்ள ஆண்கள், மாத்திரையோடு சேர்த்து, வாரம் 3 நாள் சைக்கிள் மிதித்தார்கள். 16 வாரத்தில் தடிப்பே குறைந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது, நான்கே மாதம்தானே!

கேள்வி: அப்படியென்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடர் பயிற்சியால் மேல் அளவு சுமார் 5 முதல் 8 புள்ளி இறங்கும். 160 இருப்பவருக்கு அது மட்டும் போதாது. அளவு நன்றாக இறங்கினால் டாக்டரே டோஸைக் குறைப்பார்.

கேள்வி: பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் வாட்சில் துடிப்பு ஏறவே இல்லை.

பதில்: வாட்சைக் கழற்றி வையுங்கள். துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த மருந்தின் வேலையே. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். வாரத்துக்கு 150 நிமிடம்.

கேள்வி: வெயிட் தூக்கலாமா?

பதில்: தூக்கலாம், மூச்சை அடக்கிக்கொண்டு மட்டும் தூக்காதீர்கள். முழு பலத்தோடு மூச்சைப் பிடித்துத் தூக்கியவர்களின் தமனிக்குள் அளந்து பார்த்ததில், பிரஷர் கணநேரத்துக்கு 300ஐத் தாண்டியிருக்கிறது, அதுவும் பிரஷர் இல்லாத பயில்வான்களுக்கு! தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், பதினைந்து முறை தூக்க முடிகிற எடையே போதும். ஓய்வாக இருக்கும்போதே 180/110க்கு மேல் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம், முதலில் டாக்டர்.

கேள்வி: நடந்து வந்து உட்கார்ந்ததும் அளந்தால் ஏறியிருக்கிறது, மதியம் இறங்கியிருக்கிறது. மெஷின் கோளாறா?

பதில்: மெஷின்மேல் பழி போடாதீர்கள். பயிற்சியின்போது ஏறும், முடிந்தபின் பல மணி நேரம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். அரை மணி நேரம் கழித்து அளங்கள். அப்புறம், சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள்; இல்லாவிட்டால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும், குழாயை விரிக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

கேள்வி: ஒரு மாதம் விட்டுப்போனால்?

பதில்: சில வாரங்களிலேயே பிரஷர் பழைய இடத்துக்குத் திரும்பத் தொடங்கும். விட்ட வேகத்தில் ஆரம்பிக்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். நடக்கையில் நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள், அன்றே காட்டுங்கள். நடையை நிறுத்திய பிறகும் இறுக்கம் விடவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.