பதில்: பி3எச்டி படலம் ஆரஞ்சாகவே நிற்கிறது, செயல்திறன் ஏறவில்லை

கரிமச் சூரிய மின்கலத்துக்காகப் பி3எச்டி (ஒளியை உறிஞ்சும் பாலிமர்), பிசிபிஎம் (எலக்ட்ரானை ஏற்கும் ஃபுல்லரீன் வகை மூலக்கூறு) கலவையைக் குளோரோபென்சீனில் கரைத்து, தகட்டின்மேல் விட்டுச் சுழற்றினால் படலம் சில நொடிகளில் காய்ந்து ஆரஞ்சாகவே நிற்கிறது, செயல்திறன் 1.5% தாண்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த நிறத்திலேயே காரணம் இருக்கிறது. பாலிமர் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் போதவில்லை.

கரைப்பானை ஆர்த்தோ டைகுளோரோபென்சீனுக்கு மாற்றுங்கள். கொதிநிலை சுமார் 180 டிகிரி, மெதுவாகத்தான் ஆவியாகும். படலம் ஈரமாக இருக்கும்போதே சுழற்சியை நிறுத்தி, மூடிய பெட்ரி தட்டுக்குள் காயவிடுங்கள். ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே கரும் ஊதாவாக மாறும். அதுவரை மூடியைத் திறக்கவே வேண்டாம். அப்புறம் குளோவ் பாக்ஸுக்குள் (மந்த வாயு நிரப்பிய மூடிய பெட்டி) 110 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் போதும். அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் குழு 2005-இல் இப்படி மெதுவாகக் காயவிட்டுத்தான் 4.4% எட்டியது.

உறிஞ்சல் நிறமாலையில் 600 நானோமீட்டர் பக்கம் தோள் (வளைகோட்டில் சிறு புடைப்பு) தெரிகிறதா பாருங்கள்; சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். தெரியாவிட்டால் அந்தப் படலத்தின்மேல் மின்முனைக்கான அலுமினியம் படியவைப்பது வீண்.