தாழ்மையும் ஒரு கிரியையா?

அன்புள்ள சார்,

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போகிறவள். இப்போது ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். போன மாதம் எங்கள் போதகர் மூன்று வாரமும் தாழ்மையைப் பற்றியே பேசினார். தாழ்மை இல்லாதவனுக்கு இரட்சிப்பு இல்லை என்றார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "அக்கா, கிருபையினாலேதான் இரட்சிப்பு, நம்ம கிரியையால, அதாவது நாம செய்யற காரியத்தால இல்லைன்னு சொன்னீங்க. தாழ்மையா இருக்கறதும் நாம செய்யற கிரியைதானே?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன்.

இன்னொன்று. தாழ்மையாக இரு என்ற புத்திமதி எங்கள் சபையில் பெண்களுக்கும் கடைசிப் பாயில் உட்காருகிறவர்களுக்கும்தான் கிடைக்கிறது. கமிட்டிக்காரர்களிடம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதைப் பேசினால், "பார், இதுதான் பெருமை" என்கிறார்கள். நான் கேட்பது தவறா?

வி.

அன்புள்ள வி.,

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு சபாஷ். பெரிய பெரிய ஆட்கள் நூற்றாண்டுக்கணக்கில் முட்டிக்கொண்ட இடத்தில் சரியாகக் கை வைத்திருக்கிறான்.

நான் பாண்டிச்சேரியில் கத்தோலிக்க ஆயாவிடமும், பண்ருட்டிப் பக்கம் லுத்தரன் பெரியப்பாவிடமும் மாறி மாறி வளர்ந்தவன். இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் இருக்கிறது. நீங்கள் தாழ்மை என்பதை ஆயா தாழ்ச்சி என்பாள். தலையான பாவங்கள் ஏழு, அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழு என்று ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் மனப்பாடம் செய்யவைப்பார்கள். தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர் சிநேகம், சுறுசுறுப்பு. மட்டசனம் என்றால் அளவாகச் சாப்பிடுவது. (அந்தச் சொல்லை வேறெங்கும் நான் கேட்டதில்லை. மற்ற ஆறும் மறந்தாலும் அது மறக்காது போலிருக்கிறது.) பாவங்களில் அகங்காரம் முதலில் வருவதால், இந்தப் பக்கம் தாழ்ச்சி முதலில். பழகிப் பழகி வரவேண்டிய குணம் அது என்று எங்களுக்குச் சொன்னார்கள். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட் அதற்கு 12 படிகளே வைத்தார். ஏணிதான், ஆனால் தாழத் தாழ ஏறுகிற ஏணி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று ஒருவன் எண்ணிப் பார்த்தானோ, போச்சு.

பெரியப்பா வீட்டில், பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரம்தான் பாடம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." பையன் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். இன்னும் இரண்டு வரி தள்ளிப் படிக்கச் சொல்லுங்கள். "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." இரட்சிப்பை ஏன் இனாமாகக் கொடுத்தார் என்பதற்குப் பவுல் சொல்கிற காரணமே, வாங்கியவன் மார்தட்டக் கூடாது என்பதுதான். அப்படியிருக்க, தாழ்மையைக் கொடுத்து அதை வாங்கினேன் என்று யாராவது சொன்னால், தட்டாமல் விட்ட மார்பைக் கடைசியில் தட்டிவிட்டார் என்று அர்த்தம்.

உங்கள் போதகர் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்குக் கிருபை அளிக்கிறார் என்று யாக்கோபும் எழுதுகிறார், பேதுருவும் எழுதுகிறார். அதை விலைப்பட்டியலாகப் படித்தால்தான் சிக்கல். பையனுக்கு நாகமான் கதையைச் சொல்லுங்கள். சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் சேக்கல் பொன்னும் பத்து ஜோடி உடுப்பும் ஏற்றிக்கொண்டு எலிசாவின் வாசலில் வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி வெளியே வந்து முகம்கூடக் காட்டவில்லை. யோர்தானில் ஏழுமுறை குளி என்று ஆளிடம் சொல்லியனுப்புகிறார். நாகமானுக்குக் கோபம் வருகிறது. தமஸ்குவில் இல்லாத ஆறா? நம் ஆளாக இருந்தால், கெடிலத்தில் இல்லாத தண்ணியா இங்கே ஓடுது என்று கேட்டிருப்பான். வேலைக்காரர்கள்தான் சமாதானம் செய்கிறார்கள். பெரிய காரியம் ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீர்கள் அல்லவா, இது குளியல்தானே என்கிறார்கள். எனக்கு அந்த வேலைக்காரர்களை ரொம்பப் பிடிக்கும். எசமானுக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கஷ்டமான வேலையாக இருந்தால் அதில் அவன் கெட்டிக்காரத்தனத்துக்கு ஓர் இடம் இருக்கும். முங்கி எழுவதில் என்ன இருக்கிறது?

சரி, முங்கியது கிரியைதானே என்று பையன் மடக்குவான். எலிசாவின் காலத்தில் இஸ்ரவேலில் அநேகம் குஷ்டரோகிகள் இருந்தும் நாகமானைத் தவிர ஒருவனும் சுத்தமாகவில்லை என்று இயேசுவே சொல்கிறார், லூக்கா 4இல். தண்ணீரிலும் முங்கலிலும் மருந்து இருந்திருந்தால் யோர்தான் கரையில் இருந்தவர்கள் முந்தியிருப்பார்களே. கொண்டுவந்த பொன்னை எலிசா தொடவும் இல்லை. வந்த சுமையோடு அவனைத் திருப்பி அனுப்பினார்.

வாங்கிக்கொள்வது இவ்வளவு கஷ்டம். பாண்டிச்சேரியில் பெரிய வியாழன் சாயங்காலம் சம்பா கோவிலில் பாதம் கழுவும் சடங்கு பார்க்க ஆயா கூட்டிப்போவாள். ஒரு வருஷம் அந்தப் பன்னிரண்டு பேரில் என் மாமாவும் ஒருவர். வீட்டிலேயே இரண்டு தடவை சோப்புப் போட்டு, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போனார். சாமியார் கழுவ அங்கே ஒன்றும் மிச்சமில்லை. (அப்போது ஆண்களின் பாதம் மட்டும்தான். பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் ஒழுங்கை மாற்றியது 2016இல்.) இயேசு சீஷர்களின் காலைக் கழுவிய அந்த ராத்திரி பேதுருவும், "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றார். பார்வைக்கு அது பணிவுதான். "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று பதில் வந்தது. அழுக்குக் காலை நீட்ட மறுக்கிற பணிவு அந்த மேசையில் செல்லவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தவறு இல்லை. பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபம் பண்ணப் போன கதையின் முடிவில் இயேசு, "தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான்" என்கிறார். அந்தத் 'தன்னை' என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். அடுத்தவனைத் தாழ்த்தி அதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்க அதில் இடமே கிடையாது. தாழ்த்திக்கொண்டவன் வேறு, தாழ்த்தப்பட்டவன் வேறு. தமிழில் ஒரு விகுதி மாறினால் போதும், பாவம் இன்னொருவர் கணக்கில் போய்விடுகிறது.

அதே சம்பா கோவில் இருக்கும் இடத்தில் முன்பு இருந்த கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. செயின்ட் பால் என்ற பெயர்தான் நம் வாயில் சம்பா ஆனது என்பார்கள். சுவருக்கு ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். பிரெஞ்சுக்காரர்களின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் தன் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் ஊக்கம் கொடுக்க, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள் என்றால் எல்லோரையும் ஒன்றுபோல நடத்துங்கள் என்று கேட்டார்கள். சுவரை இடிக்கச் சொன்னார் அவர். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள், சண்டை கவர்னர் வரைக்கும் போனது. கேட்கப் போனவர்களைப் பெருமைக்காரர்கள் என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். சுவர் போனதும் சாதி போய்விடவில்லை, அது உங்களுக்கே தெரியும். 1761இல் இங்கிலீஷ்காரர்கள் ஊரையே இடித்தபோது அந்தக் கோவிலும் போனது. இப்போது நிற்பது 1791இல் கட்டியது.

ஆகவே கமிட்டிக்காரர்களிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

லூத்தர் 1546இல் சாகும்போது விட்டுப்போன கடைசித் துண்டுச் சீட்டில், நாம் பிச்சைக்காரர்கள், அது உண்மை என்று எழுதியிருந்தது. பெரியப்பா இதை அடிக்கடி சொல்வார். சொல்வது சுலபம், அவர் யாரிடமும் எதையும் வாங்கியது கிடையாது. பலாவும் முந்திரியுமாக ஆறு ஏக்கர். கிறிஸ்துமஸுக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் வேட்டி, சேலை, ஒரு படி முந்திரி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்தது. மத்தியானம் பார்த்தால் ஆறு ஏக்கரில் நின்ற மரம் என்று விரல்விட்டு எண்ணலாம். வீட்டு ஓடும் போய்விட்டது. மறுநாள் ஒரு சபையிலிருந்து அரிசியும் போர்வையும் கொண்டுவந்தார்கள். "இல்லாதவங்களுக்குக் கொடுங்க" என்று திருப்பி அனுப்பினார் பெரியப்பா. வீட்டில் நனையாத அரிசி ஒரு பிடி இல்லை. அதற்கும் மறுநாள், தோட்டத்தில் முந்திரி உடைக்கிற அம்மா ஒருவர், வருஷா வருஷம் பெரியப்பா கையால் சேலை வாங்குகிறவர், தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "குடிங்கய்யா" என்று மட்டும் சொன்னார். பெரியப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குடித்தார். உப்பு கொஞ்சம் குறைச்சல் என்றார்.

எங்கள் வீட்டில் யாருடைய பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் இல்லை, ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அன்றைக்குப் போட ஒன்றும் இல்லை. பெரியப்பா வாளியைக் கிணற்றடியில் தானே கழுவி, துண்டால் துடைத்து, அந்த அம்மா வீடு வரைக்கும் நடந்துபோய் வெறும் வாளியைக் கொடுத்துவிட்டு வந்தார்.