9,500 வெள்ளி என்றால் 9,500 வெள்ளிதான்

மகளின் கல்லூரிப் படிப்புக்கு 2,000 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) ஒரு மடிக்கணினி வேண்டும் என்று கேட்டதாகவும், வந்த பதில்களில் ஒன்றுகூட 3,500 வெள்ளிக்குக் குறையவில்லை என்றும், தொகையைத் தெளிவாகச் சொன்ன பிறகும் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணினியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனாலும் உங்கள் கேள்வியைக் கடந்து போக என்னால் முடியவில்லை. அந்த 2,000 வெள்ளி எப்படிச் சேர்ந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை. அது கூட்டுப் (சீட்டுப்) பணமாக இருக்கலாம், மிகைநேர வேலையில் மிச்சம் பிடித்ததாக இருக்கலாம். எப்படி இருந்தாலும், வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் வீட்டில் பேசி முடித்த பிறகு நின்ற தொகையாகத்தான் அது இருக்கும்.

எனக்கு இது 2022இல் நடந்தது. நாங்கள் இருப்பது மலேசியாவின் பட்டர்வொர்த்தில். என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. போகும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்துவிடுவார். சிகிச்சை முடிந்து திரும்பும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு நாள் ராஜா ஊடா சாலையில் அவர் கை என் இடுப்பிலிருந்து நழுவியதை உணர்ந்து, ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் ஒரு கடை வாசலில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து சிறப்பு மீட்பாக 10,000 வெள்ளி வரை எடுத்துக்கொள்ள அரசாங்கம் அனுமதித்தது. பக்கத்துப் பிறை நகரில் முன்பு நான் 11 ஆண்டுகள் வேலை செய்த தொழிற்சாலையில் சேர்ந்த பணம் அதில் இருந்தது. எடுத்த 10,000 வெள்ளியில் 500ஐ மருந்துக்கு ஒதுக்கிவிட்டு, 9,500 வெள்ளி கையில் உள்ளது, கடன் வாங்க இயலாது, அம்மாவை மருத்துவத்துக்கு அழைத்துச் செல்ல என்ன கார் வாங்கலாம் என்று இணையத்தில் கேட்டேன்.

முதல் பதில், இன்னும் கொஞ்சம் போட்டால் 12,000 வெள்ளிக்கு நல்ல வீவா கார் கிடைக்கும் என்றது. அடுத்தவர், வீவாவுக்கு அவ்வளவு கொடுப்பதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் போட்டு மைவி எடுக்கச் சொன்னார். மூன்றாமவர், பழைய மைவியில் பணத்தைக் கொட்டாமல் 9 ஆண்டுத் தவணையில் புதிய ஆக்சியாவே எடுத்துவிடலாம், மாதம் நானூற்றுச் சொச்சம்தானே என்று எழுதினார். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை இன்றைக்குப் படித்தாலும் எனக்கு வலிக்கிறது. 35,000 வெள்ளிக் கடனுக்கு ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலை வட்டி (கட்டக் கட்டக் குறையாத வட்டி) என்று வைத்துக்கொண்டால், 9 ஆண்டுகளில் வட்டி மட்டுமே 11,025 வெள்ளி. மாதம் 426 வெள்ளி, 108 மாதங்கள். நாள் கூலிக்குப் போகும் எனக்குச் சம்பளச் சீட்டே இல்லாதபோது எந்த வங்கி அந்தக் கடனைக் கொடுக்கும் என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கடைசியாக ஒருவர், இந்தப் பணத்துக்குக் கார் வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம் என்று எழுதினார். கடை வாசலில் அம்மாவோடு நின்ற அந்த அரை மணி நேரத்தை அவர் அறியமாட்டார்.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மலிவாக ஒன்றை வாங்கி நொந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். தாங்கள் பட்ட நட்டம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அவரவர் தம் பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொன்னார்கள். நான் தீர்த்து முடித்துவிட்ட தொகை, அவர்கள் கண்ணில் பேரத்தின் தொடக்க விலையாகத் தெரிந்தது.

ஒரே ஒருவர் மட்டும், சுங்கை பட்டாணியில் பட்டறை வைத்திருந்தவர், என் தொகைக்குக் கீழே இறங்கி யோசித்தார். "தம்பி, 9,500ஐயும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். 6,000க்குள் கஞ்சில் 850 கார் பாருங்கள், மீதியைப் பட்டறைக்கு வையுங்கள்" என்றார். தரை விரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்க்கவும், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கிப் பார்க்கவும், டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளவும் சொல்லித் தந்தார். நான்கு கார்களைப் பார்த்துவிட்டு ஐந்தாவதை 5,600 வெள்ளிக்கு வாங்கினேன். புஸ்பாகோம் வாகனச் சோதனை, பெயர் மாற்றம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி, சாலை வரி எல்லாம் சேர்த்து 420 வெள்ளி ஆனது; 1,000 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் அதில் ஆண்டுச் சாலை வரி வெறும் 20 வெள்ளிதான். டைமிங் பெல்ட், தண்ணீர் பம்பு, முன் அப்சார்பர்கள், 12 அங்குல டயர்கள் நான்கு, பேட்டரி ஆகியவற்றுக்கு 1,900 வெள்ளி. கையில் 1,580 வெள்ளி மிஞ்சியது. ஆறு மாதம் கழித்து ரேடியேட்டர் போனபோது யாரிடமும் கடன் கேட்காமல் அதிலிருந்தே மாற்றினேன்.

கஞ்சிலில் காற்றுப்பை இல்லையே, தகடு மெல்லியதாயிற்றே, அம்மாவின் பாதுகாப்பை விலை பேசிவிட்டாயே என்று இதன்கீழ் யாரேனும் எழுதக்கூடும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காரை நான் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டிலிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்கு உட்சாலைகளில்தான் ஓட்டுகிறேன். கஞ்சிலா மைவியா என்ற கேள்வி என் முன்னால் ஒருபோதும் இருக்கவில்லை. கஞ்சிலா மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையா என்பதே என் கேள்வி.

ஆகவே, மறுபடி கேட்கும்போது 2,000 வெள்ளி என்று மட்டும் எழுதாதீர்கள். பையும் பழுது பார்க்கும் செலவும் அதற்குள் அடங்குமா, பழைய கணினி என்றாலும் சரியா, மகள் என்ன படிக்கிறார், எந்த மாதத்துக்குள் வேண்டும் என்பதையும், தவணை வேண்டாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இங்கேயே எழுதினாலும் சரி. மடிக்கணினி பழுது பார்க்கும் என் மைத்துனரிடம் கேட்டு இரண்டு நாளில் பதில் போடுகிறேன். 2,000 வெள்ளியைத் தாண்டிய எதையும் அதில் எழுத மாட்டேன்.